ஊரில் மனநல முதலுதவிப் பயிற்சி நடத்துவது எப்படி? காவலர், 108 ஊழியர், பொதுமக்கள் அனைவருக்குமான வழிகாட்டி

மனநல விழிப்புணர்வுக் கூட்டம் என்றால் நம் ஊர்களில் ஒரு வடிவம் நிலைத்துவிட்டது. உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று பேனர், குத்துவிளக்கு, மருத்துவரின் ஒன்றரை மணி நேர உரை, திரையில் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்று நோய்ப் பட்டியல், தேநீர், குழுப் புகைப்படம். அடுத்த வாரம் இரவு பதினோரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒருவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு கத்தும்போது, அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்த காவலருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. பட்டியலில் இருந்த நோய்களில் இது எது என்று அவர் யோசிக்கப் போவதும் இல்லை. இவரை எங்கே கொண்டுபோவது, யார் சேர்த்துக்கொள்வார்கள், அதுவரை எப்படிச் சமாளிப்பது என்பவைதாம் அவர் முன்னால் நிற்கும் கேள்விகள்.

ஆகவே நோய்ப் பெயர்களை மருத்துவர்களிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் நடத்தும் பயிற்சி நெருக்கடியின் முதல் அரை மணி நேரத்தைச் சமாளிக்கக் கற்பிக்கட்டும். ஊராட்சி, தொண்டு நிறுவனம், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், அரிமா சங்கம் என்று யார் நடத்தினாலும் கீழே உள்ள வரிசை உதவும்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஓர் எண்ணிக்கை போதும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. இத்தனை பேரும் முதலில் சந்திக்கப்போவது மனநல மருத்துவரை அல்ல. பக்கத்து வீட்டுக்காரரையும் ஆட்டோ ஓட்டுநரையும் தலைமைக் காவலரையும்தான்.

1. பயிற்சிக்கு முன் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து வையுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல் கையில் கத்தியோடு நின்ற, மனநோய் இருந்த இளைஞர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதன் விளைவாக 1988-இல் அங்கே காவலர்களுக்கு 40 மணி நேர நெருக்கடிப் பயிற்சி தொடங்கியது. உலகம் முழுவதும் அந்த 40 மணி நேரத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஏற்பாட்டின் மறுபாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: காவலர் எந்த நேரத்தில் அழைத்து வந்தாலும் திருப்பி அனுப்பாமல், காக்க வைக்காமல் ஏற்றுக்கொள்ள ஒரு மருத்துவமனை ஒப்புக்கொண்டிருந்தது. அந்தக் கதவு இல்லாவிட்டால், பயிற்சி பெற்ற காவலரும் இரண்டு முறை அலைந்துவிட்டு மூன்றாம் முறை கண்டும் காணாமல் போய்விடுவார்.

எனவே முதல் வேலை, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேரில் போவது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரையும் சமூகப் பணியாளரையும் பாருங்கள். மூன்று கேள்விகளுக்குத் தெளிவான பதில் வாங்குங்கள். இரவில் அழைத்து வந்தால் எந்த வாசல்? மனநல மருத்துவர் இல்லாத நேரத்தில் பணி மருத்துவர் என்ன செய்வார்? உறவினர் இல்லாதவரைச் சேர்ப்பீர்களா?

இரண்டாவது கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 94-இன்படி, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அவசர நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். "மனநல டாக்டர் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு, ஆதரவற்ற மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. யாரை அழைப்பது, எங்கே, எவ்வளவு நேரம்

ஒரு குழுவுக்கு 25 முதல் 30 பேர். அதற்கு மேல் போனால் அது கூட்டம், பயிற்சி ஆகாது. 108 ஆம்புலன்ஸின் அவசர மருத்துவ உதவியாளரும் பைலட் எனப்படும் ஓட்டுநரும் ஷிஃப்டில் இருப்பார்கள். தீயணைப்பு நிலையமும் அப்படித்தான். எல்லோரையும் ஒரே நாளில் எதிர்பார்க்காமல் ஒரே பயிற்சியை இரண்டு முறை நடத்துங்கள். காவலர்களுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வாங்கிவிட்டால், அது அவர்களுக்குப் பணி நாளாகவே கணக்காகும். வார ஓய்வைப் பறித்துக்கொண்டு கருணையைப் பற்றிப் பாடம் எடுப்பது நியாயமில்லை.

பொதுமக்களில் யார்? வந்து உட்காரத் தயாராக இருக்கும் கல்லூரி மாணவர்களை மட்டும் நிரப்பாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர், ஆட்டோ நிறுத்தத்துக்காரர், மருந்துக்கடைக்காரர், உரக்கடைக்காரர், பூசாரி, ஆலிம், போதகர், கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளர் ஆகியோர் வேண்டும். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது இவர்கள் காதுக்குத்தான் முதலில் வருகிறது. சீருடைக்காரர்களையும் இவர்களையும் ஒரே அறையில் கலந்து உட்கார வையுங்கள்.

காவல் நிலையமும் ஆஸ்பத்திரியும் இடமாக வேண்டாம். பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ போதும். இரண்டு அரை நாள்கள், மொத்தம் ஏழு மணி நேரம் கிடைத்தால் இந்த வழிகாட்டியில் உள்ளதை முடிக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய மனநல முதலுதவிப் பயிற்சியும் பொதுமக்களுக்கான சிறு பயிற்சியாகப் பிறந்ததுதான்.

3. சட்டம்: இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் சாலையில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்கிறது அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 100. ஏன் அழைத்துச் செல்கிறோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எல்லை தாண்டி அடுத்த மாவட்டத்தில் இறக்கிவிட்டு வருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இதை வாய்விட்டே சொல்லுங்கள், அறையில் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மனநோயாளியை வீட்டுக்குள் அடைத்தோ கவனிக்காமலோ வைத்திருந்தால், பிரிவு 101-இன்படி, தெரிந்தவர்கள் காவல் நிலைய அதிகாரிக்கும் அவர் மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 அடியோடு தடை செய்கிறது. இதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது பிரிவு 115. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே வடிவில் இடமில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யப்படும் முயற்சிதான் அதில் குற்றம். "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே மறைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பொதுமக்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய முதல் செய்தி இதுதான்.

4. 'மனநோய்' என்று முடிவு கட்டுவதற்கு முன்

இது பயிற்சியின் மிக முக்கியமான பகுதி, உயிர் போகும் இடமும் இதுவே. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று உளறினால், அது உடல் சார்ந்த நெருக்கடி என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். குடித்தவர் போலத் தள்ளாடுவார், வியர்க்கும், கோபப்படுவார். தலையில் அடிபட்டிருக்கலாம். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். முதியவர் என்றால் சிறுநீர்த் தொற்று ஒன்றே போதும், இரவெல்லாம் உளற. வலிப்பு முடிந்து மயக்கம் தெளியாத நிலையாகவும் இருக்கலாம். ஆம்புலன்ஸில் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் இருக்கிறது. ஒரு துளி இரத்தத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

எல்லாவற்றையும் விட நம் காவல் நிலையங்கள் அறிய வேண்டியது குடியை நிறுத்தியதால் வரும் நிலை. தினமும் குடிப்பவர் கைதாகிறார், அல்லது காலொடிந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார், அல்லது மாலை போட்டுக்கொள்கிறார். குடி சட்டென்று நிற்கிறது. முதல் நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை. இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சலும் வியர்வையும் இருக்கும், இடம் காலம் புரியாது. பார்ப்பவர்கள் 'நடிக்கிறான்' என்பார்கள், அல்லது 'பேய்' என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது, உடனே ஆஸ்பத்திரி. "கடைசியாக எப்போது குடித்தார்?" என்ற கேள்வியை எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும்.

5. முதல் அரை மணி நேரம்: நடித்துப் பழகுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: கவனி, கேள், இணை. நல்ல சுருக்கம். ஆனால் சொல்லிக் கொடுத்தால் வராது, செய்துதான் வரும். பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

காட்சி இது. தேநீர்க்கடை வாசல். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், "என் தலைக்குள் கேமரா வைத்துவிட்டார்கள்" என்று கத்துகிறார். கையில் கண்ணாடித் தம்ளர். சுற்றிலும் இருபது பேர், அவர்களில் ஐந்து பேர் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். இரண்டு காவலர்கள் வருகிறார்கள். முதல் முறை அவர்கள் வழக்கம்போலச் செய்யட்டும். பெரும்பாலும் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், லத்தி தரையில் தட்டப்படும், "பெயர் என்ன, எந்த ஊர், என்ன குடித்தாய்" என்று கேள்விகள் பறக்கும். நிறுத்துங்கள். கத்தியவராக நடித்தவரிடம், "உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். விமர்சனத்தை அவர் வாயாலேயே கேட்பதுதான் உறைக்கும்.

இரண்டாம் முறை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒருவர் கூட்டத்தைக் கலைப்பார். இன்னொருவர் மட்டும் பேசுவார். லத்தி வண்டியில் இருக்கும், சைரன் அணைந்திருக்கும். பேசுபவர் இரண்டு கை நீளம் தள்ளி, நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பார். கத்துபவர் ஓடிப்போகும் வழியை அடைக்க மாட்டார்.

"தம்பி, என் பெயர் முருகன். இந்த ஸ்டேஷன்தான். உங்களை அடிக்க வரவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா?"

"அவர்கள் பார்க்கிறார்கள்! எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள்!"

"அது உங்களுக்குப் பயமாக இருக்கிறது, இல்லையா? எனக்குக் கேமரா தெரியவில்லை. ஆனால் நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது. இந்த நிழலில் உட்கார்ந்து பேசுவோமா?"

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. கேமரா இருக்கிறது என்று அவர் ஒத்து ஊதவில்லை; இல்லை என்று வாதாடவும் இல்லை. பயத்துக்கு மட்டும் பதில் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம், பிறகு மௌனம். 'வா, போ' இல்லாமல் மரியாதைப் பன்மையில் பேசினார்; வயதில் மூத்தவர் என்றால் ஐயா, அம்மா. தம்ளரைப் பிடுங்காமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், தம்ளர் தானாகக் கீழே வந்தது. எப்போதும் இப்படி நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் பிடிக்கத்தான் வேண்டும். பிடிக்கும்போது குப்புறப் படுக்க வைத்து முதுகிலோ கழுத்திலோ முழங்காலை வைக்காதீர்கள், மூச்சு நின்றுவிடும். பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒருவர் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொய் சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள். "கோயிலுக்குப் போகிறோம்" என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அன்றைக்கு வேலை முடியும். அடுத்த முறை அவர் சீருடையைக் கண்டாலே ஓடுவார்.

படம் எடுப்பவர்களையும் காட்சியில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பொதுமக்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நாலு பேரைக் கலைந்து போகச் சொல்வது.

இன்னொரு காட்சியும் தேவை, சத்தமே இல்லாதது. மூன்று மாதமாக வீட்டை விட்டு வெளியே வராத பெண். கேட்டால் "தலைவலி, உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கம் இல்லை" என்கிறார். நம் ஊரில் மனச்சோர்வு நோய் பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் பேசும். இதைத் தன்னார்வலரும் சுய உதவிக் குழு அக்காவும் நடிக்கட்டும்.

6. தற்கொலை எண்ணத்தைக் கேட்பது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படி நடப்பதில்லை, கேட்கும்போது பலருக்குச் சுமை இறங்குகிறது. சுற்றி வளைக்காமல் கேட்கப் பழக்குங்கள். "இவ்வளவு கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் சில நேரம் உயிரையே விட்டுவிடலாம் என்று தோன்றும். உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?" இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து இந்தக் கேள்வியை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் முறை குரல் தடுமாறும், சிலர் சிரித்துவிடுவார்கள். தடுமாற்றம் இந்த அறையிலேயே தீரட்டும்.

"ஆம்" என்று பதில் வந்தால் பதறாமல் கேளுங்கள்: எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையருகே இருக்கிறதா. திட்டமும் பொருளும் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், பொருளை அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். "உங்கள் உயிரைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன்" என்பது நேர்மையான பதில். "உனக்கு என்ன குறை?", "பிள்ளைகளை நினைத்துப் பார்", "இது கோழைத்தனம்" ஆகிய மூன்றும் நம் வாயில் தயாராக இருப்பவை. மூன்றும் அவரை இன்னும் குற்றவாளியாக்கும்.

உரக்கடைக்காரரை ஏன் அழைத்தோம் என்பது இங்கே புரியும். இத்தகைய எண்ணம் பலருக்குச் சட்டென எழுந்து அடங்குவது. அந்த நேரத்தில் கொடிய பொருள் எட்டாத் தூரத்தில் இருந்தால் உயிர் தப்புகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. இலங்கை 1980-களிலும் 90-களிலும் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அங்கே தற்கொலை விகிதம் பெருமளவு குறைந்தது. வீட்டளவில் செய்யக்கூடியது: மருந்தை வயல் கொட்டகையில் பூட்டி, சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுப்பது. கடையில் கலங்கிய முகத்தோடு ஒருவர் வந்து எதையாவது கேட்டால், "எந்தப் பயிருக்கு, எத்தனை ஏக்கர்?" என்று பேச்சுக் கொடுத்து, உட்கார வைத்து, வீட்டுக்கு ஒரு போன் போடலாம்.

7. பேய், செய்வினை, சாமி

இதைக் கிண்டல் செய்தால் பாதி அறை காதை மூடிக்கொள்ளும். பூசாரியும் ஆலிமும் போதகரும் எதிரிகள் அல்லர். குடும்பம் முதலில் போவது அவர்களிடம்தான். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. அவர்களிடம் கேட்க வேண்டியது இவ்வளவே: கட்டிப் போடாதீர்கள், அடிக்காதீர்கள், பட்டினி போடாதீர்கள், சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். திருநீறு பூசிவிட்டு, "டாக்டரையும் பாருங்கள்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நம் பத்துக் கூட்டங்களுக்கு அது சமம்.

8. நோயிலிருந்து மீண்டவர் ஒருவர் பேசட்டும்

ஒதுக்கும் மனப்பான்மையைக் குறைப்பதில் துண்டறிக்கையை விட இது பலமானது. அவர் என்ன பேசுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நோயின் காட்சிகளை விவரிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்; உதவி எப்படி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். மருத்துவருக்கு மதிப்பூதியம் தருகிறீர்கள் என்றால் இவருக்கும் தாருங்கள்.

9. உதவ வருபவரின் மனம்

தூக்கிலிருந்து உடலை இறக்கிய தீயணைப்பு வீரர், விபத்தில் குழந்தையை ஏந்திய 108 உதவியாளர், ஆகியோர் அன்றிரவே அடுத்த அழைப்புக்குப் போகிறார்கள். 'இதெல்லாம் பழகிவிடும்' என்பதுதான் துறையில் கிடைக்கும் ஆறுதல். சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் கட்டாயமாக உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒருமுறை அமர்வைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதனால் பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியதால் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை. மூத்தவர் ஒருவர் தனியாக அழைத்து, "சாப்பிட்டாயா, தூங்கினாயா, பேச வேண்டும் போல இருக்கிறதா?" என்று கேட்பதும், முடிந்தால் ஒரு நாள் ஓய்வும் போதுமான தொடக்கம். ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி கனவில் வந்தால், குடி கூடினால், எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

10. பயிற்சி முடிந்த பிறகு

சட்டைப் பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை அச்சிடுங்கள். 14416: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி மனநல சேவை, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். 104: தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண். அவசரத்துக்கு 108, காவலுக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அட்டையின் மறுபக்கத்தில், நீங்கள் பேசி வைத்த மருத்துவமனையின் வாசல், சமூகப் பணியாளரின் எண், கடைசியாக எப்போது குடித்தார் என்ற கேள்வி. பயிற்சியின்போதே எல்லோரும் ஒருமுறை 14416-ஐ அழைத்து, மறுமுனையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முன்தேர்வு, பின்தேர்வு என்று மதிப்பெண் எடுத்து அறிக்கை அனுப்புவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே குழுவை ஒரு மாலை கூட்டி இரண்டே கேள்விகள் கேளுங்கள்: யாரை எங்கே கொண்டுபோனீர்கள், எந்தக் கதவு திறக்கவில்லை? திறக்காத கதவுகளைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதி மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடம் கொடுங்கள்; அதன் நகலை அடுத்த கிராம சபையில், அது மே 1 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், தீர்மானமாக வையுங்கள்.